சாயம் இறங்கிய பன்னிரண்டு போர்வைகள்

ஹலோ... ஹலோ, யாரு?... சத்தமாச் சொல்லுங்க, இங்க மழைக்குத் தகரம் ஒரே இரைச்சலா இருக்கு... யாரு?... குருவம்மாளா?

எந்தக் குருவம்மா?

இல்ல, எனக்கு ரெண்டு பேரத் தெரியும். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரி. பதினொரு மாசமா வாசல்ல என்னக் கண்டா, குனிஞ்சு செருப்பத் தேடுத மாதிரி நிப்பா. இன்னொருத்தி போன்ல வீடியோவுல வருவா. பட்டுச்சேல கட்டிக்கிட்டு, ஊசியத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு. இதுல நீ எவ?

ம்... ம்... மதினியா? இப்பத்தான் முறை ஞாபகம் வருதோ?

சரி, சொல்லு. எங்க இருந்து பேசுத?... ரிசார்ட்டுல இருந்தா? பின்ன ஏன் குசுகுசுன்னு... துணி தொவைக்கிற ரூம்லயா? அங்க உனக்கு என்ன ஜோலி? உன்னையெல்லாம் ரிசப்ஷன்ல நாற்காலி போட்டுல்லா உக்கார வைக்கணும்.

ஏட்டி, அழாத. அழாமச் சொல்லு. ஒண்ணும் வெளங்கல...

என்னது?... எத்தன?... பன்னெண்டுமா?... ஒண்ணுகூட மிச்சமில்லாமயா?

இரு. இரு, இரு. அடுப்பக் குறைச்சிட்டு வாரேன். இத நின்னுக்கிட்டுக் கேக்கக் கூடாது.

...

ம், உக்காந்துட்டேன். மொதல்ல இருந்து சொல்லு. ஆமா... ஆமா... நாளைக்கு ஆள் வாராக. பன்னெண்டு ரூமுக்கும் புதுப் போர்வை. விரிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ அலசிருவோம்னு மெஷின்ல போட்டாக. சரி. எந்தத் தண்ணி?... சுடுதண்ணியா? நல்லாக் கொதிக்கக் கொதிக்கவா?... ம்.

செவப்பு இறங்கிருச்சா? இறங்குமே. வெள்ளக் கட்டத்துல ஏறிருச்சா?... என்ன கலரு இப்ப?... நீயே சொல்லு, எனக்குக் கண்ணுல தெரியணும்ல... பல்லு பிடுங்கின அன்னைக்குத் துப்பின எச்சி மாதிரியா? ஐயய்ய. நல்லாச் சொல்லுத மதினி, நீ வீடியோவுல பேசுனத விட இது நல்லாருக்கு.

சுருக்கம்?... சுருங்கியிருக்கா இல்லையா, அதச் சொல்லு... எவ்வளவு?... ஒரு சாண்... கட்டிலுக்குப் பத்தலயா?... சில கட்டம் மட்டும் சுருங்கி, சில கட்டம் அப்படியே நிக்குதா? அப்ப நடுவுல அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு... ஆமா, தையல் இழுக்கும். இழுக்கத்தான் செய்யும்.

நான் சிரிக்கல. இருமல். பனிக்கு.

துணி எங்க எடுத்த?... திருப்பூர் கட் பீஸு. புதுசு. கூடவே நம்ம பழைய சேலையும் வெட்டிச் சேத்துக்கிட்ட. சரி, புதுசு வந்ததும் ஊற வச்சியா?... ஊற வச்சியான்னு கேக்கேன்... எதுக்கு ஊறவைக்கணுமா?

அட கடவுளே.

மதினி, பத்து வருசமா நம்ம ரெண்டு பேரும் தச்சது பூராம் பழந்துணி. கட்டிக் கிழிஞ்ச சேலையும் வேட்டியும். அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போயி, அதுக்கப்புறந்தான் நம்ம கைக்கு வரும். அதத் தைக்க நீளம் அகலம் பாத்தாப் போதும். புதுசு அப்படியா? நான் புதுத்துணியில தச்சது ரெண்டே ரெண்டு. அந்தத் துணி மூணு நாளு நீல டிரம்முக்குள்ள கிடந்துச்சே, பாத்தியா இல்லையா? மொத நாள் பச்சத்தண்ணி, ரெண்டாம் நாள் உப்பு போட்டுச் சுடுதண்ணி, மூணாம் நாளும் சுடுதண்ணி, தண்ணி தெளியுற வரைக்கும். நீ அந்த டிரம்மு மேல உக்காந்துதான காப்பி குடிச்ச?

கஞ்சி வாடை போகத்தான் ஊற வச்சேன்னா? யாரு சொன்னா?... நானா?... ஆமா, சொல்லியிருப்பேன். நீ கேட்ட நேரம் எனக்கு என்ன வேலையோ, வாயில வந்ததச் சொல்லியிருப்பேன். அத வச்சா பன்னெண்டு போர்வைக்கு ஓர்டர் எடுத்த? ஒரு தடவ வந்து, ஏட்டி லெச்சுமி, எதுக்குடி ஊற வைக்கன்னு கேட்டிருந்தா... கேக்க முடியாதுல்ல. கேட்டா, தச்சது நான்தான்னு சொன்னது பொய்யாப் போயிரும்ல.

ம்... சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

வழியா?

...

இருக்கு. வழி இருக்கு.

அழாத, இருக்குன்னுதான சொல்லுதேன்... சாயமும் எடுக்கலாம், சுருக்கமும் விடும். நாளைக்குக் காலைல ஆள் வரதுக்குள்ள விரிச்சிரலாம்... சொல்லித்தாரேன். அதுக்கு முன்னால எனக்கு நீ ஒண்ணு செய்யணும்.

என்ன வேணும்னு உனக்குத் தெரியும்.

தெரியாதா? நான் சொல்லுதேன் கேளு. அந்த ரிசார்ட்டுல வாசலத் தாண்டி உள்ள போனதும் இடது பக்கச் சுவத்துல, கண்ணாடி போட்டு ஒரு போர்வை தொங்குது. அது யாருது?... சத்தமா... என்னுதுதான. நாலு வருசம் தச்சது. விக்கதுக்குத் தைக்கல, எங்க வீட்டுக்குத் தச்சது. அவரு வாச்சர் வேலைக்குப் போட்ட காக்கிச் சட்ட, நான் கொளுந்து எடுக்கப் போன காலத்துச் சேல, எம்மகன் ஜெகன் ஒண்ணாங்கிளாஸ்ல போட்ட டவுசரு, எங்கம்மா கடைசியா ஆஸ்பத்திரியில உடுத்திருந்த சேலைல ஒரு முழம். உம்மக சோனாவுக்கு அடிமாலில பேறுகாலம், வார்டுல குளிரு தாங்கலன்னு வந்து நின்ன. நான் ஒரு வார்த்த பேசாம மடிச்சுக் குடுத்தேன். ஒரு வாரத்துல தாரேன்னு வாங்கிட்டுப் போன.

புள்ளைக்கு ஒரு வயசு முடிஞ்சிருச்சு மதினி.

கொண்டுபோயி சாம்பிள்னு காட்டுன. சரி, காட்டுன. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன், நம்ம ரெண்டு பேருக்கும் ஓர்டர்னா எனக்கு என்ன கசக்குமா? தச்சது நான்னு சொன்ன. அதையும் விடு. வீடியோ எடுக்க வந்த புள்ள கேக்குது, தனியாவா தச்சீங்கன்னு. நீ என்ன சொன்ன?... சொல்லு... உனக்கு மறந்திருக்கும், எனக்கு மனப்பாடம். "கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பொம்பள வருவா"ன்னு சொன்ன. ஒரு பொம்பள. பேரு கூட வாயில வரல.

ஜெகன் அங்க வயரிங் வேலைக்குப் போனான், போன மாசம். ஏணில நின்னு லைட்டு மாட்டுதான். அந்த லைட்டு எதுக்கு? அந்தப் போர்வை பளிச்சுன்னு தெரியதுக்கு. மாட்டிட்டுத் திரும்பிப் பாத்தா, அவன் டவுசரு. கீழ ஒரு தகட்டுல உம்பேரு. வீட்டுக்கு வந்து சோறு திங்கல அவன். அம்மா, நீ வித்துட்டியான்னு கேட்டான். நான் வித்துட்டேன்னு நெனச்சுட்டான், எங்கம்மா சேலையச் சேத்து.

ம்... தப்பா? எந்தத் தப்ப சொல்லுத? நெறைய இருக்கு, ஒவ்வொண்ணாச் சொல்லு...

சரி, விடு. நீ இப்ப என்ன செய்யுத, இந்தப் போனக் கட் பண்ணாம, கையில வச்சுக்கிட்டு, அந்த மேனேஜர்கிட்டப் போ. ரிஜின் சாரா?... ஆங், அவருகிட்ட. அவரு முன்னால நின்னு சொல்லு. அந்தப் போர்வை நான் தச்சதில்ல, ராமலட்சுமி தச்சது, எரவல் வாங்கிட்டு வந்து குடுத்தேன்னு. எனக்குக் கேக்கணும். அவரு அத எறக்கித் தாரேன்னு எங்கிட்டச் சொல்லணும். சொன்னதும் நான் உனக்கு வழி சொல்லுதேன்.

முடியாதா? அப்ப போன வச்சிரவா?

... 

என்ன சொன்ன?... திரும்பச் சொல்லு... பேரு வெட்டிட்டியா? எஸ்டேட் வேலைய விட்டுட்டியா? எப்ப?... மார்கழிலயேவா? கூறு கெட்டவளே, ஆரக் கேட்டு வெட்டுன? இன்னும் ஏழு வருசம் சர்வீஸு இருக்குல்ல உனக்கு!... இந்த ஓர்டர நம்பியா? அப்ப வீடு?... லயத்து வீடு வேல பாக்கவகளுக்குத்தான... பங்குனிக்குள்ள காலி பண்ணணுமா? உம்மகன் அருண்பாண்டி பேருக்கு மாத்தலாம்ல... அவனும் திருப்பூர் போயிட்டான்னா... மகளும் கைப்புள்ளையோட வந்திருக்கு...

எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மதினி. சண்ட வேற, இது வேற...

...

இல்ல. அழுதா ஆச்சா. நானும்தான் அழுதேன். போ. எந்திரிச்சு நட. மேனேஜர் ரூமுக்குப் போ. இந்த ஓர்டர் போச்சுன்னா உனக்கு எதுவும் இல்லன்னு இப்ப நீயே சொல்லிட்ட. அப்ப நான் சொல்லதத்தான் நீ செய்யணும்.

ஆமா... ஆமா, மெரட்டத்தான் செய்யுதேன். பேரு வேற வைக்கணுமா இதுக்கு?

ம்... நடக்கியா? சத்தம் கேக்குது... படியா? மெல்ல ஏறு, மூச்சு வாங்குது உனக்கு... கண்ணத் தொடைச்சுக்கோ. இருக்காரா?... கதவத் தட்டு. ஸ்பீக்கர்ல போடு.

...

...ம்.

...கேக்கல. தள்ளி நிக்க நீ. கிட்டப் போயிச் சொல்லு.

...

எரவல்னு சொல்லு. அத விட்டுட்ட.

...

ஹலோ... ஆங், சாரே, நமஸ்காரம். ராமலட்சுமியாணு... இல்ல சாரே, தமிழ்லயே பேசுங்க, உங்க தமிழ் நல்லா மனசிலாகுது... ஆமா, நான் தச்சதுதான். நம்பணும்னு இல்ல, நீங்களே பாத்துக்கிடுங்க. கீழ் வரிசைல இடது ஓரம் காக்கித் துணி இருக்கா?... அதுல பாக்கெட் பிரிச்ச தடம் தெரியும், சதுரமா, கொஞ்சம் கடுங்கலரா... இருக்கா? எங்க வீட்டுக்காரரு பீடி வச்ச பாக்கெட்டு சாரே அது. அதுக்கு மேல நீல டவுசர்ல மைக்கறை... ஆமா, உங்களுக்கு வயரிங் செய்ய வந்த ஜெகன் எம்மகன்தான்.

இல்ல, இல்ல, உங்க மேல என்ன குத்தம்? உங்களுக்கு எப்படித் தெரியும்... பேரா? தகட்ட மாத்தி எம்பேரப் போடுதீங்களா? வேண்டாம் சாரே. எனக்குப் பேரு வேண்டாம், போர்வை வேணும்... விலைக்கும் வேண்டாம்... இன்னைக்கே. சாயங்காலம் உங்க வண்டி தேவிகுளம் வருமில்லையா, ஆபீஸ் ஸ்டாப்புல ஜெகன் நிப்பான்... வளரெ சந்தோஷம் சாரே.

அந்தப் பன்னெண்டா?... அத நான் குருவம்மாகிட்டயே சொல்லுதேன். அவதான தச்சா. போன அவகிட்டக் குடுங்க.

...

ம். ஸ்பீக்கர எடு. வெளிய வா... வந்துட்டியா? எறக்குதாகளா?... நாலு பேரா? கண்ணாடி உடையாமப் பாத்துக்கோ. ஸ்குரு கழட்டுத சத்தம் எனக்கே கேக்குது... தகட்டையும் கழட்டிட்டானா? கீழ போட்டிருப்பான், கிணுங்குன்னுச்சு.

நல்லாத்தான் சொன்ன மதினி. கொஞ்சம் இழுத்த, ஆனாச் சொல்லிட்ட.

வழியா... ஆமா, சொல்லுதேன்னு சொன்னேன்.

ஒண்ணும் கிடையாது.

வழி கிடையாதுன்னு சொல்லுதேன். தச்சு முடிச்ச பெறகு சுருங்கினத யாரு நீட்ட முடியும்? பிரிச்சாலும் கட்டம் கட்டமா அளவு மாறித்தான் கிடக்கும். வெள்ளைல ஏறுன செவப்பு, சுடுதண்ணி பட்டிருச்சுல்ல, இனி அது வெள்ளையோட பெறந்தது மாதிரி. பன்னெண்டும் மிதியடிக்கு ஆகும். நாய்க்கு விரிக்கலாம்.

இருக்குன்னு சொன்னது பொய். நீ சுருங்கிருச்சுன்னு சொன்னதுமே எனக்குத் தெரியும்.

ஏசு... ஏசு, நல்லா ஏசு... ஆமா... ஆமா, நான் பாவிதான்... வெளங்க மாட்டேன், சரி... எம்பிள்ளைய இழுக்காத, அவன் சோறு திங்காமக் கிடந்தவன்... சரி, இழுத்துக்கோ... பதினொரு மாசத்துக்குச் சேத்து ஏசிரு.

முடிஞ்சுதா?

...

என்ன கேட்ட?

வழின்னு ஒண்ணு இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னா?... சொல்லியிருக்க மாட்டேன்.

...

இல்ல. சொல்லியிருப்பேன். நீ பேரு வெட்டிட்டேன்னு சொன்னியே, அந்த எடத்துலயே, போர்வையக்கூடக் கேக்காம, வாய் தொறந்து சொல்லியிருப்பேன். அதான் மதினி, வழி இல்லன்னு எனக்கு அவ்வளவு நிம்மதி.

வைக்கேன்.