வீட்டுக்குள் ஒரு கல்லறை

தம்பி: கேமராவை மட்டும் போட்டுடாத.

அக்கா: போடலடா. மேல துணி ஒட்டியே வச்சிருக்கேன்.

தம்பி: மைக்?

அக்கா: அணைச்சுத்தான் இருக்கு. எனக்கு முந்திப் பேசுறவர் இன்னும் முடிக்கல. ரோமாபுரி எண்ணெய் ஜாடியைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறார். பழங்கால ஆராய்ச்சிக்காரங்க அத்தனை பேரும் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்து தலையாட்டுறாங்க. அவங்களுக்கென்ன... காபி குடிச்சுக்கிட்டே கேக்கலாம்.

தம்பி: நமக்கு ஃபூல் பயறு வேகவைக்கவே விறகில்ல. மெதுவா பேசு. தெருமுனையில ஆயுதக்காரனுங்க வண்டி நிக்குது.

அக்கா: நேத்து நின்னதேவா?

தம்பி: அதேதான். மேல துப்பாக்கி வச்சது. எந்த வீட்டுல இன்டர்நெட் டிஷ் இருக்குன்னு தேடுறானுங்க. பக்கத்து வீட்டு ஹாஷிம் மாமாவை...

அக்கா: சொல்லாத. இப்ப சொல்லாத.

தம்பி: சரி... நம்ம டிஷ்ஷை மாடியில துணிக்கொடிக்குப் பின்னால வச்சிருக்கேன். தெரியாது.

அக்கா: முடியலன்னு எழுதிப் போட்டுடட்டுமா?

தம்பி: போடு. அப்புறம் வெளிநாடு போக அழைப்புக் கடிதம் எங்கேர்ந்து வரும்? இன்னைக்குப் பேசினாத்தான் அனுப்புவேன்னு கூட்டம் நடத்துற பேராசிரியரம்மா சொல்லியிருக்கா. குடும்பத்தோட கிளம்பலாம். என் பிள்ளைங்க ரெண்டும் கட்டிலுக்கு அடியிலயே தூங்குதுங்கக்கா. கல்யாண வீட்டுல சந்தோஷத்துல வானத்தைப் பாத்துச் சுடுறாங்கன்னு எத்தனை நாளைக்குப் பொய் சொல்றது?

அக்கா: படிச்சிடுவேன். கேள்வி கேட்டா?

தம்பி: லைன் சரியில்லன்னு வெட்டிடு.

அக்கா: ஷ்ஷ்... என்னைத்தான் கூப்பிடுறா.

பேராசிரியர்: அடுத்து, சூடான்ல ஓம்துர்மான்லேர்ந்து டாக்டர் சித்தனா. உங்க எழுத்தெல்லாம் விடாம படிச்சிருக்கேன், நேர்ல பாக்கத்தான் குடுத்துவைக்கல. கேமரா போட முடியுமா?

அக்கா: மன்னிக்கணும் மேடம். கார் பேட்டரியில ஓடுது, தாங்காது.

பேராசிரியர்: ஐயோ, பரவாயில்லை. ஆனா... போன மாசம் போன்ல பேசினப்போ குரல் வேற மாதிரி இருந்ததே?

அக்கா: ச... சளி மேடம்.

பேராசிரியர்: உடம்பைப் பாத்துக்கோங்க. ஆரம்பிங்க.

அக்கா: நன்றி. நைல் கரையில, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கிறிஸ்தவ நூபியக் கிராமம் ஒண்ணு. ஊருக்கு வெளியில பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கு. ஆனா ஒரே ஒரு பெண்ணை மட்டும் வீட்டு முற்றத்துல புதைச்சிருக்காங்க. ஏன்னுதான் இந்தக் கட்டுரை கேக்குது...

தம்பி: அக்கா... அக்கா, மைக்கை அணை. வண்டி நகருது.

அக்கா: அணைச்சுட்டேன். எந்தப் பக்கம்?

தம்பி: நம்ம பக்கம். எல்லாத்தையும் மூடு.

அக்கா: மூடிட்டா கடிதம் வராதேடா, பிள்ளைங்க?

தம்பி: படி. குரலை மட்டும் தாழ்த்திக்க.

அக்கா: மன்னிக்கணும் மேடம், லைன் போயிடுச்சு. நேரமில்ல, கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சிடுறேன்... அவளை ஏன் வீட்டுக்குள்ள புதைச்சாங்கன்னு இன்னும் தெரியல. இதோட கட்டுரை முடியுது. நன்றி.

பேராசிரியர்: அருமை, டாக்டர். கடிதம் இன்னைக்கே அனுப்பிடுறேன். ஒரே ஒரு கேள்வி. நீங்க முன்னாடியே அனுப்பின கட்டுரைப்படி அவ குழி மேல சிலுவை இல்லை, கல் இல்லை, குழியும் முழங்கால் ஆழம்கூட இல்லை. ஏதோ சடங்கா இருக்கலாம். இல்ல, ஊர் ஒதுக்கி வச்ச பொம்பளையா இருந்திருக்கலாம். வேண்டாதவன்னு அப்படியே போட்டு மூடியிருப்பாங்களோ?

தம்பி: மைக் அணைஞ்சிருக்கா?

அக்கா: ம்.

தம்பி: அப்பாடா. வண்டி தாண்டிப் போயிடுச்சு, கடிதமும் வருது. லைனை வெட்டுக்கா.

அக்கா: வேண்டாதவளாம்டா.

தம்பி: ஆயிரம் வருஷத்து எலும்பைப் பத்திச் சொல்றா. உனக்கென்ன? விடு.

அக்கா: விட முடியலடா.

தம்பி: பிள்ளைங்களை நினைச்சுப் பாருக்கா... கையை எடு அந்த மைக் பட்டன்லேர்ந்து.

பேராசிரியர்: டாக்டர் சித்தனா? கேக்குதா?

அக்கா: கேக்குது மேடம். அவ வேண்டாதவ இல்ல. சடங்கும் இல்ல. தெருவுல ஆயுதத்தோட ஆளுங்க நின்னிருப்பாங்க. கல்லறைத் தோட்டம் வரைக்கும் தூக்கிட்டுப் போக வழியிருந்திருக்காது. சத்தம் வெளிய கேக்காம தோண்டினா அவ்வளவு ஆழம்தான் தோண்ட முடியும்.

பேராசிரியர்: நல்ல ஊகம். ஆனா ஆதாரம் வேணுமே, டாக்டர்?

அக்கா: போன வெள்ளிக்கிழமை சித்தனாவை நானும் என் தம்பியும் எங்க முற்றத்துல அப்படித்தான் புதைச்சோம் மேடம். நான் அவ தங்கச்சி, அலவியா.