கீழேயிருந்து ரெண்டு தட்டு

மத்தியானம் மணி ரெண்டு. ஊரை விட்டு ஒதுங்கிய ரோடு, அதில் கடைசி வீடு. அதற்கப்புறம் வெறும் பொட்டல்... என்ன முழிக்கிறீர்கள்? பேய் ராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? நெருங்கி உட்காருங்கள். நடுவில் எவனாவது எழுந்து போனால் நான் நிறுத்திவிடுவேன்.

அது என் சிநேகிதனின் அக்கா வீடு; அவளுக்கு நடந்தது இது. அக்காவின் வீட்டுக்காரர் சொந்தமாக லாரி ஓட்டினார். அந்த மத்தியானத்துக்கு மூன்று மாதம் முன்னால் அதே வீட்டு வாசலில், அதே லாரிக்கு அடியில் செத்துப்போனார்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஸ்டார்ட்டர் மோட்டார் தேய்ந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், என்ஜின் சுற்றாது. உள்ளே கரண்டைக் கடத்தும் சின்ன கார்பன் கட்டையை மாற்றினால் போதும். மனுஷன் மாற்றவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரோடு வண்டிக்கு அடியில் படுத்து, மோட்டாரின் ரெண்டு போல்ட்டையும் சேர்த்துத் தொடுவார். பொறி பறக்கும், கருகல் வாடை அடிக்கும், என்ஜின் எழுந்துவிடும். கியர் மட்டும் நியூட்ரலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் படுத்திருப்பவன் மேலேயே வண்டி ஏறிவிடும்.

அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கீழேயிருந்து அவர் ரெண்டு தட்டு தட்டுவார். 'நியூட்ரலா?' என்று அர்த்தம். சீட்டில் இருக்கும் அக்கா கியரை ஆட்டிப் பார்த்துக் காலால் ஒரு தட்டு தட்டுவாள். அப்புறம்தான் அவர் ஸ்க்ரூடிரைவரை வைப்பார்.

அன்றைக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. மோட்டார் சண்டைதான். அந்த வீம்பில் அவளைக் கூப்பிடாமல் தானே போய்ப் படுத்தார். கியர் ஃபர்ஸ்ட்டில் இருந்தது... அவ்வளவுதான்.

அக்கா அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம். போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் திட்டினாள். "ஒரு கியரை நியூட்ரல்ல போடத் தெரியல, நீயெல்லாம் என்ன டிரைவர்?" அவளே வாங்கி வந்த கார்பன் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதைப் பார்த்தால் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டுவாள்.

நான் சொன்ன அந்த மத்தியானம் கொழுந்தன் வந்தான்; மறுநாளிலிருந்து அவன் வண்டியை எடுப்பதாக ஏற்பாடு. வந்தவன் முதல் வேலையாக அந்த ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தான்.

"அண்ணன் மாதிரி ஒரு தொடு தொட்டா போதும் அண்ணி."

அக்கா அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இன்னொரு பொணத்தை இந்த வாசல்ல என்னால தூக்க முடியாது. மோட்டாரைக் கழட்டுடா."

பேட்டரி வயரைக் கழற்றினார்கள். மோட்டாரைக் கழற்றிச் சமையலறைத் தரையில் சாக்கின் மேல் வைத்தார்கள். பின்மூடியைத் திறந்ததும் கரித்தூள் கொட்டியது. கார்பன் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இவ்வளவுக்குத்தானா ஒரு உயிர் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வருஷக்கணக்காகப் புருஷனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்த கை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பழைய கார்பனை எடுத்தாள், புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தாள்.

அப்போது வாசலில் சத்தம்.

டக்... டக்.

கொழுந்தன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். மோட்டார் தரையில் கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பீரோவில்.

அக்கா போய்க் குனிந்து பார்த்தாள். வண்டிக்கு அடியில் யாருமில்லை. கருகல் வாடை மட்டும்... அப்போதுதான் பொறி பறந்த மாதிரி. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

"செத்தும் புத்தி வரலையா உனக்கு? அன்னைக்குத் தட்டியிருக்கணும். அன்னைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கணும். இப்ப எதுக்குத் தட்டற? போ."

சத்தம் நின்றது.

வெயில் சாய்வதற்குள் மோட்டாரை மாட்டிவிட்டார்கள். பேட்டரி வயரையும் மாட்டியாயிற்று. அக்கா சீட்டில் ஏறினாள். கியரை நியூட்ரலில் தள்ளினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். நியூட்ரல்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"வெளிய வந்துட்டியாடா?"

"வந்துட்டேன் அண்ணி, திருப்புங்க."

சாவியில் கையை வைத்தாள்.

டக்... டக்.

காலுக்கு அடியிலேயே கேட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்துட்டேன்னு சொல்லிட்டு அடியில என்னடா தட்டற?"

கீழேயிருந்து குரல் வந்தது. "மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு பாக்கலாம்னு மறுபடி படுத்திருக்கேன் அண்ணி... ஆனா நான் தட்டல. கையில டார்ச் லைட்தான் இருக்கு."

அக்கா கியரைப் பார்த்தாள்.

ஃபர்ஸ்ட்டில் இருந்தது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தாள். கொழுந்தன் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். பளார் என்று ஒரு அறை. அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. அன்றைக்கும் நியூட்ரலில் போட்டுவிட்டுத்தான் படுத்திருக்கிறார்; கியரைத் தள்ளியது வேறு ஏதோ ஒரு கை. மூன்று மாதமாக எதற்கு அந்த மனுஷனைத் திட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் தீரவில்லை. இனிமேல் யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. பாதித் திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும், யாரும் அடியில் போவதில்லை. ராத்திரி அக்காவே நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கதவைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள். காலையில் ஏறி உட்கார்ந்ததும் ரெண்டு தட்டு கேட்கும். கியரைப் பார்ப்பாள். ஃபர்ஸ்ட்டில் இருக்கும். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலால் ஒரு தட்டு தட்டுவாள்.

தட்டுவது யார் என்று அவளுக்குத் தெரியும். அதில் பயமில்லை.

ஆனால் பனி விழுந்து வண்டி முழுக்கச் சில்லென்று கிடக்கும் விடியற்காலையில்கூட, அந்த கியர் கைப்பிடி மட்டும் வெதுவெதுப்பாக இருக்குமாம். யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி...