மெழுகுவர்த்தியின் விலை

பிள்ளைகளே, புயல் வருகிறதென்று அறிவித்த அன்று, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் இரண்டு மளிகைக்கடைக்காரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். அவர்களில் பெரியவர் மடியில் மெழுகுவர்த்திப் பெட்டி இருந்தது.

“நடிகருங்க எவ்ளோ கோடி வாங்குனாலும் தப்பில்ல மச்சான். டிவி பாக்குறவன் வேணாம்னா எழுந்து போயிடலாம்ல?” என்றார் அவர்.

“அத வுடுங்க மாமா. நாளைக்கு மெழுகுவத்திக்கு டிமாண்ட் ஜாஸ்தி. டபுள் ரேட்டுக்கு வித்துடுங்க. போன புயல்ல ஒங்க கடைக் கூரை பறந்துச்சே, அந்தக் காசுல ஷீட்டு போட்டுடலாம்.”

“கரண்ட் போயி இருட்டுல நிக்கிறவன் வேணாம்னு எங்க போவான்? பழைய வெலதான். நான் தார்ப்பாயிலயே ஓட்டிக்கிறேன்.”

மச்சான் உடனே கடையிலிருந்த தன் மனைவிக்குப் போன் போட்டார்.

“மெழுகுவத்திக்குப் புது வெல சொல்லாத. பழைய வெலைக்கே குடு.”

சாரலில் என் சட்டை நனைந்திருந்தது. ஜன்னலை மூடத் தோன்றாமல் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.