ஹஃபீசாவின் மூச்சுக்காக நான் செய்தவை

ஜமாஅத் பெரியவர்களுக்கு, தாம்பரம் முடிச்சூர் சாலை மைதீன் பிச்சை எழுதிக்கொடுப்பது. நான் சுத்தத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன். செருப்பைக்கூடச் சோப்பு போட்டுத்தான் கழுவுவேன். என் மனைவியின் தம்பி முதாசிர் கொடுத்திருக்கும் புகாரைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஹஃபீசாவுக்கு இரண்டு வருஷமாக வீசிங். விடிந்தால் நெஞ்சு விசிலடிக்கும். இன்ஹேலர் இல்லாமல் நாலு படி ஏற மாட்டாள். 2006 ரம்ஜான் முடிந்ததும் டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார்: தூசு, பஞ்சு, புகை, பிராணிகள் வீட்டில் ஆகாது. அன்றே வேலையில் இறங்கினேன்.

முதலில் போனது அவள் சீராகக் கொண்டுவந்த இலவம்பஞ்சு மெத்தை. அடுத்தது, முதாசிர் துபாயில் இருந்தபோது அனுப்பிய கம்பளம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தினேன். அவள் மடியைவிட்டு இறங்காத பூனையைச் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவந்தேன். அங்கே அதற்கு ஒரு குறையும் இருக்காது. ஜன்னல் திரைகள், தையல் மிஷின், வெட்டுத்துணி மூட்டை எல்லாம் போயின. தலையணை உறைகளை வாராவாரம் நானே வெந்நீரில் அலசினேன். எந்தப் புருஷன் செய்வான்?

"ஏங்க, என்னையும் ஒருநாள் உதறி வெளியில போட்டுடுவீங்க போலருக்கே" என்றாள். இருவரும் சிரித்தோம். அவளுடைய சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இருமல் குறையவே இல்லை. டாக்டர், கையில் ஊசியால் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டை வாங்கப் போனவன் நான். தூசுக்கு ஒன்றுமில்லை, பஞ்சுக்கு ஒன்றுமில்லை, பாவம், பூனைக்கும் ஒன்றுமில்லை. புறாவுக்கு நேரே மட்டும் நாலு பிளஸ்.

மொட்டை மாடியில் என்னிடம் நாற்பத்திரண்டு பந்தயப் புறாக்கள் இருக்கின்றன. நான் கடைக்குப் போனபின் கூண்டைப் பெருக்குவது ஹஃபீசாதான். வீட்டில் பறவை உண்டா என்று டாக்டர் முன்பே கேட்டிருந்தார். வீட்டில் இல்லை, மாடியில்தான் இருக்கின்றன. அதனால் இல்லை என்றேன். ரிப்போர்ட் தொலைந்துவிட்டதாக ஹஃபீசாவிடம் சொன்னேன். தொலையவில்லை, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

போன மாதம் அவளைக் கேளம்பாக்கத்தில் அவளுடைய உம்மா வீட்டில் விட்டேன். அங்கே இன்ஹேலரைத் தொடுவதே இல்லையாம். மாடி ஏறித் துணி காயப்போடுகிறாளாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. முதாசிருக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. நேரே என் கடைக்கு வந்து நின்றார்.

"புறாவ வித்துட்டு அக்காவ கூட்டினு போங்க மச்சான்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவருக்குப் புறாவைப் பற்றித் தெரியாது. இவை வீடு திரும்பப் பழகியவை. நெல்லூரில் கொண்டுபோய் விற்றாலும் பொழுது சாய்வதற்குள் என் மாடிக்கே வந்துவிடும். ஹஃபீசா அப்படியில்லை. விட்ட இடத்திலேயே இருப்பாள்.