பத்தாவது பெயர்

தரை துடைக்க வெந்நீர்தான் சரி. பச்சைத் தண்ணீரில் செருப்புத் தடம் போகவே போகாது. பதினோரு வருடமாக அந்த வீடியோ விளையாட்டுக் கூடத்தில் துடைப்பமும் திருப்புளியும் என் கையில்தான். பெருக்குவதும் நான், இயந்திரம் மக்கர் செய்தால் திறந்து பார்ப்பதும் நான். அதனால் ஐயா கேட்டதற்கு நானே எழுதித் தருகிறேன். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துப் பழகிய கை. வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடிக் குதித்துக் காசு பொறுக்கும் பழைய விளையாட்டில் வரும் பூட்ஸ் போட்ட தவளையைப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அதே தவளையும் அதன் கூட்டாளிகளும் எங்கள் கூடத்து நடன ஆட்ட இயந்திரத்தில் பாட்டுக்கு ஆடுவார்கள். திரையில் அம்புக்குறிகள் ஏறும். திரைக்கு முன்னால் உள்ள மேடையில் நின்று, தாளம் தப்பாமல், மேடையில் இருக்கும் அதே அம்புக்குறிகளைக் காலால் மிதிக்க வேண்டும். முடிவில், அதிகப் புள்ளி எடுத்த பத்துப் பேரின் பெயர் வரும். பதினோராவது ஆளுக்கு இடமில்லை.

என் மகள் 'மின்மினி' என்ற பெயரில் அதில் முதலாவதாக இருந்தாள். அதைப் படிக்கத்தான் எழுத்தே பழகினேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கால் வலிக்கிறது என்பாள். இன்னும் ஒரே பாட்டு என்பேன். பதினேழு வயதில் இரண்டு முட்டியும் போய்விட்டன. வளர்கிற வயது, அப்படித்தான் இருக்கும்.

இப்போது அவளுக்கு வேறு ஊரில் வேலை. போன மாதம் போனில், "நீ இன்னும் பட்டியல்ல இருக்கேம்மா" என்றேன்.

"அந்தக் கண்றாவிய அழிச்சுத் தொலைங்கப்பா. மாடிப்படி ஏறும்போதெல்லாம் உங்க நெனப்புதான் வருது."

பாசம் இருக்கிறது. இல்லாவிட்டால் நினைப்பு வருமா?

வருடம் போகப் போக அவள் பெயர் இறங்கிப் பத்தாவது இடத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் தையல்காரர் மகள் ஆட வந்தாள். குருவி என்று கூப்பிடுவார்கள். நல்ல பெண். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவாள். வந்த இரண்டே மாதத்தில் பட்டியலை நெருங்கிவிட்டாள். வலது அம்புக்குறிக்கு அடியில் இருந்த ஒயரை லேசாகத் தளர்த்தி வைத்தேன்.

"மாமா, எவ்வளவு மிதிச்சாலும் இந்தப் பக்கம் ஒறைக்க மாட்டேங்குது. உங்கள மாதிரி அதுக்கும் காது டமாரமா?"

"பாக்கறேம்மா" என்றேன்.

சீட்டு கொடுக்கும் அம்மாவும் ஒரு நாள் கேட்டார். "அந்தப் புள்ள எத்தனை நாளா சொல்லுது, சரி பண்ணிக் குடேன்யா. உன்ன விட்டா ஆளில்லங்கற திமிரா?"

திமிர் இல்லை. நான் யாரிடமும் குரல் உயர்த்தியவன் இல்லை. குருவி அந்தப் பக்கத்தை அழுத்தி மிதிக்கப் பழகிக்கொண்டாள். அப்புறம் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் ஆடுகிறவர்கள் சாய்ந்து பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பி உண்டு. சனிக்கிழமை காலையில் அதன் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். சும்மா விட்டால் கம்பி நிற்கும், பாரம் விழுந்தால் நிற்காது. பிறகு இயந்திரத்தை, கம்பி இருக்கும் பின்பக்கம் வாசலில் கீழே இறங்கும் சிமெண்டுப் படிகளைப் பார்த்திருக்க, படி விளிம்பு வரை தள்ளினேன். தரை கழுவ வேண்டும் என்று சொன்னேன். கழுவவும் செய்தேன், பொய் இல்லை.

கூடம் திறந்ததும் முதல் ஆளாக வந்தாள். வேறு யாரும் இல்லை. சீட்டு கொடுக்கும் அம்மா சில்லறை மாற்றப் போயிருந்தார்.

"இன்னைக்கு என் பேரப் பாத்துட்டுத்தான் மாமா வீட்டுக்கு. ஆமா, கம்பி ஆடுதே?"

"ஒண்ணும் ஆகாது. நல்லாச் சாஞ்சு பிடிச்சுக்கோ."

பாதிப் பாட்டில் சாய்ந்தாள். விழும்போது "மாமா" என்றுதான் கூப்பிட்டாள். மண்டை படியில் பட்ட சத்தம் பாட்டை மீறிக் கேட்டது.

உடனே ஆளைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அந்த இரண்டு நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். பாட்டு முடியவில்லை ஐயா. தவளை ஆடிக்கொண்டிருந்தது, அம்புக்குறிகள் மிதிக்க ஆளில்லாமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பாதியில் விட்டுப் போனால் புள்ளி எப்படிச் சேரும் என்று எனக்குத் தெரியாது. முடியட்டும் என்று நின்றேன். பட்டியல் வந்தது. பத்தாவது பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன்.