இரவல் முகவரி

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா? காற்று முகத்தில் அடித்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வராது. நன்றி.

நானும் என் மகளும் ஒரே கம்பெனி. ரௌட்டர்களை அமைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. தலைமை மருத்துவமனையையும் அதன் கிளையையும் இணைக்கும் லைனை அவள் தனியாகச் செய்தாள். அது ஒழுங்காக ஓடினால் வெளிநாட்டு அலுவலகத்துக்கு மாற்றல் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீடே அவள் சிரிப்பாகத்தான் இருந்தது.

ரௌட்டரின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி ஐபி முகவரி கொடுப்பது என் பழக்கம். அதற்கு என்னைக் கிண்டல் செய்வாள். "ரெண்டு முனைக்கு நடுவுல ஒரே ஒரு லைன். அதுக்கு எதுக்குப்பா தனி அட்ரஸ்? இரவல் வாங்கிக்கட்டுமே."

அவள் சொன்னது சரிதான். சொந்த முகவரி இல்லாத போர்ட், அதே ரௌட்டரில் உள்ள இன்னொன்றின் முகவரியை வைத்துக் காலம் தள்ளும். ஆனால் கொடுத்த போர்ட் செயலிழந்தால் வாங்கியதும் ஊமையாகிவிடும். அதனால் அவள் லூப்பேக்கிலிருந்து வாங்கியிருந்தாள். லூப்பேக் ரௌட்டருக்குள்ளேயே இருப்பது. அதற்கு ஒயர் கிடையாது, யாராலும் பிடுங்க முடியாது. கெட்டிக்காரி.

அவள் ரௌட்டரில் எழுதி வைத்திருந்ததில் நான் மாற்றியது ஒரே ஒரு வரி. லூப்பேக் என்றிருந்த இடத்தில், கிளையின் வரவேற்பறைக்குப் போகும் போர்ட்டின் பெயரைப் போட்டேன். மதியத்தில் தரை துடைக்கும் மெஷினைச் செருகுவதற்காக அங்கே அந்தப் போர்ட்டின் ஒயர் போய்ச் சேரும் நெட்வொர்க் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். லைன் சற்று நேரம் நிற்கும், நாலு பேர் அவளைக் குறை சொல்வார்கள், மாற்றல் தள்ளிப்போகும். அவள் அம்மாவும் போய்விட்ட வீட்டில், இவளும் போனால் நான் யாரோடு பேசுவது?

அந்த லைனில்தான் கிளையில் இருக்கும் நோயாளிகளின் இதயத் துடிப்பு போய்க்கொண்டிருந்தது. தலைமை மருத்துவமனையில் ஒரு டாக்டர் அதைத் திரையில் கவனிப்பார். தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று மதியம் திரை அப்படியே நின்றுவிட்டது. கிளையில் இருந்த ஒரே நர்ஸ் பக்கத்து வார்டில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அங்கே படுத்திருந்த ஒரு பெண் இறந்துபோனாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

அந்தப் பெண்ணின் கணவர் சண்டைக்கு வரவில்லை. என் மகளிடம், "அந்த லைன் நீங்க போட்டதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் லூப்பேக்தானேப்பா போட்டேன்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்களும் பாத்தீங்கல்ல?"

"இல்லடா கண்ணு. ரிசப்ஷன் போர்ட்டதான் போட்டிருந்தே. நானே பாத்தேன். அப்பவே சொல்லியிருக்கணும், என் தப்பு."

நம்பிவிட்டாள். என் பேச்சை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

வேலையை விட்டுவிட்டாள். ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "நான்தாம்பா அந்தப் பொண்ணைக் கொன்னுட்டேன்" என்கிறாள். இன்னும் கொஞ்சம் பரிமாறுகிறேன். வேறென்ன செய்ய?

விசாரணையில் நீங்கள் கண்டுபிடித்தது சரி. மாற்றியது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், எந்தத் தண்டனையும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். இதை என் மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், குழந்தை தாங்கமாட்டாள்.