பள்ளத்தில் நின்றுவிடும் லோடர்

— இன்னொரு தடவை டீசல் பம்ப்புன்னு சொன்னேன்னா மச்சான், நீ மெக்கானிக்கே இல்லைன்னு ஊர் முழுக்கச் சொல்லிடுவேன்.

— ஊருக்கு அது ஏற்கெனவே தெரியும் மாமா. உங்களுக்குத்தான் மூணு மாசமா தெரியாம இருந்துச்சு. ஃபில்டரை மாத்தினேன், பம்ப்பை மாத்தினேன், இன்ஜெக்டரைக் கழட்டிக் கழுவினேன். இனி பெயின்ட்தான் பாக்கி.

— அப்புறம் ஏன் நின்னு தொலைக்குது? நின்ன இடத்துலயே பம்பரமா சுத்தின லோடர்டா இது. மண்ணை அள்ளிட்டு அந்தப் பள்ளத்துல இறங்கினா பொசுக்குனு அணைஞ்சு போகுது.

— காலையில நீங்க டீ குடிக்கப் போனப்ப நானே ஏறி ஓட்டினேன். அதே பள்ளம். இருபது தடவை. நிக்கவே இல்ல.

— பொய் சொல்ற.

— உங்க பொண்டாட்டி கூடப் பிறந்தவன் மாமா நான். பொய் சொல்ற அளவுக்கு எங்க குடும்பத்துல யாருக்கும் அறிவு கிடையாது. ஏறி ஓட்டிப் பாருங்க.

— ஏறியாச்சு. இந்தா, பள்ளம் வருது... பாத்தியா. போச்சு.

— இப்ப இந்த ஸ்பேனர் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு ஓட்டுங்க.

— மடியில வச்சுக்க அது என்ன கைக்குழந்தையா?

— கொஞ்ச வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணுங்க.

— இறங்கிட்டேன்... ஏறிட்டேன்... என்னடா, ஓடுது. பெட்டிக்குள்ள என்ன மந்திரம் வச்சிருக்க?

— ஒன்பது கிலோ இரும்பு. சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் இருக்கு. ஆள் உக்காந்திருந்தா என்ஜின் ஓடும், எழுந்தா அணைஞ்சிடும். பள்ளத்துல குலுங்கினதும் நீங்க லேசா எம்புறீங்க. சீட்டுல ஆளே இல்லைன்னு அது முடிவு பண்ணிடுது. என்ஜின் கல்லு மாதிரி இருக்கு மாமா. குறைஞ்சது நீங்கதான்.

— நான் எங்கடா குறைஞ்சேன்?

— பெல்ட்டுல ஆணியடிச்சுப் போட்ட ஓட்டையே மூணு இருக்கு. அக்கா கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்குப் போனதுலேர்ந்து என்னதான் சாப்பிடுறீங்க?

— ஏன், எனக்குச் சமைக்கத் தெரியாதா?

— தெரியும். வெந்நீர்.

— வாயை மூடிட்டு அந்த ஸ்விட்ச் வயர் ரெண்டையும் ஒண்ணா முறுக்கி விடு. வேலை முடிஞ்சுது.

— மாட்டேன். நீங்க தவறி விழுந்தா உங்க மேலயே ஏறாம வண்டியை நிறுத்துறது அதுதான். அதுல மட்டும் நான் விளையாட மாட்டேன்.

— இந்தத் தகர டப்பாவை வித்தாத்தான் வீட்டுக்குள்ள கால் வைப்பேன்னு போனவ அவ. இதை ஓட்டிச் சம்பாதிச்சுக் காட்டிட்டுத்தான் கூப்பிடுவேன்னு மார் தட்டினவன் நான். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?

— நல்லா இருக்கு மாமா. வண்டி ஓடினாத்தான் அவளைக் கூப்பிடுவீங்க. அவ வந்தாத்தான் ஒழுங்கா சாப்பிடுவீங்க. நீங்க சாப்பிட்டாத்தான் வண்டி ஓடும்.

— இந்த இளைச்ச கதை மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. சொல்லிட்டேன்.

— நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா வண்டி நின்னு போறதைத் தன் காதாலயே கேக்கணும்னு அவ சொன்னா. அதனால நீங்க வந்ததுலேர்ந்து என் சட்டைப் பையில ஃபோன் ஆன்லதான் இருக்கு.

— அடப்பாவி.

— அக்கா, லைன்ல இருக்கியா?

— இருக்கேன்டா. இங்கயும் ஒரு ஆறு கிலோவைக் காணோம்னு உன் மாமாகிட்ட சொல்லு.